துருப்பிடித்த தோசைக்கல்

மங்கலத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்தத் தோசைக்கல்லைப் பார்த்தேன். வார்ப்பிரும்பு, நல்ல கனம், முழுக்கத் துரு. அப்போது நான் பனியன் கம்பெனியில் டெய்லர். என் வீட்டுக்காரர் இன்னொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வீட்டில் இருந்த நான்ஸ்டிக் தவாவை என் முதுகில் அடித்தே நெளித்திருந்தார்.

கல்லை மூன்று நாள் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து செங்கல் துண்டால் தேய்த்தேன். துரு சிவப்புச் சேறாக வழிந்தது. விரல் முட்டி உரிந்து ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. யாரையோ அடிப்பது போலத்தான் தேய்த்தேன். யாரை என்று எனக்குத் தெரியும்.

மதியம் அடுப்பில் ஏற்றி, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்தேன். மூன்றாவது முறை புகை கிளம்பும்போது அவர் குடித்துவிட்டு வந்தார்.

"ஊடு முழுக்கப் புகை. கறி எங்கடி?"

"கல்லு பழகட்டுங்க. இதுலயே வறுத்துத் தர்றேன்."

முதல் அடி காதில் விழுந்தது. உள்ளே ஒரு விசில் சத்தம். அடுத்து, முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். மறுபடி முஷ்டியை மடக்கி ஓங்கியபோது, கரித்துணியோடு கல்லின் பிடியைப் பற்றி, இரண்டு கையாலும் முகத்துக்கு முன்னால் தூக்கினேன்.

அவர் குத்து கல்லில் விழுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. தோல் இரும்பில் ஒட்டிக் கருகியது. அலறிக்கொண்டு விழுந்தார். நான் கல்லைக் கீழே போடவில்லை. போட்டால் உடைந்துவிடுமே என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தேன்.

பக்கத்து அறை பீகார்க்காரப் பெண் ஓடிவந்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள். பின்னாலேயே வீட்டு ஓனர்.

"என்னங்க அம்மிணி இது?"

"அவரே குத்திக்கிட்டாருங்க."

அவருக்கு இரண்டு விரல் மடங்காமல் போனது. கட்டிங் மெஷின் பிடிக்க முடியவில்லை. அம்மா போனில் அழுதாள்.

"புருசன் கைய உடைச்சுப்போட்டியே கண்ணு."

"எனக்கு ஒரு காது கேக்கறதில்லையே, அத ஒருநாள் கேட்டியாம்மா?"



அவிநாசிபாளையத்தில் தனியாக ஒற்றை அறை பிடித்தேன். கல்லில் ஒட்டியிருந்ததை மறுபடி செங்கல்லால் தேய்த்து எடுத்தேன். குமட்டவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நாலைந்து தோசை பிய்ந்தது; பிறகு கல் பழகிவிட்டது.

ஒருநாள் காலை அவர் வந்தார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசற்படியிலேயே நின்று, காய்ந்த கல்லையே பார்த்தார்.

"உள்ள வரட்டுமா?"

"வேண்டாங்க."

திரும்பிப் போனார். பஸ் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் கருகிப்போன தோசையைச் சுரண்டி எடுத்தேன்.