சாம்பலில் பதிந்த பாதம்

மாமனார் செத்த பதினாறாம் நாள், எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் சாம்பல் பரப்பினார்கள். செத்தவர் அடுத்து என்னவாகப் பிறப்பார் என்று பார்க்கிற வழக்கம் அவர்கள் பக்கத்தில் உண்டு. படையலுக்கு முன்னால் சாம்பலைச் சலித்துப் பரப்பி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் தடம் இருக்குமாம். பறவைக் கால் என்றால் பறவை, குளம்பு என்றால் மாடு. காஸ் அடுப்பு எரிகிற வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் தெர்மல் பவர் ஸ்டேஷனிலிருந்து ஒரு பை கொண்டுவந்தார். நெய்வேலியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சாம்பலுக்கு வராது.

விளக்கைத் தூண்டிவிட்டுக் கடைசியாக வெளியே வந்தவர் மாமியார். கதவைத் திறந்தபோது சாம்பலின் நடுவில் ஒரு பாதம். குழந்தைப் பாதம், ஐந்து விரலும் தெளிவாக. வீடே அழுதது. எனக்கு அப்போது மூன்று மாதம். எல்லோர் கண்ணும் என் வயிற்றுக்கு வந்தது.

செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்வேன். மாமியாருக்கு இடது காது கேட்காது. மாமனார் அறைந்து போனது. முன்பல் இரண்டு இல்லை. ஷிப்டு முடிந்து அவர் சைக்கிள் சத்தம் கேட்டாலே மாமியார் கையிலிருப்பதை வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்குவார். மகனும் அதைப் பார்த்து வளர்ந்தவர்தான். கல்யாணமான இரண்டாம் மாதம், சோறு குழைந்ததற்கு பெல்ட்டைக் கழற்றினார். பக்கிள் பட்ட தழும்பு என் முதுகில் இன்னும் இருக்கிறது.

பாதம் தெரிந்த நாளிலிருந்து அடி நின்றது. மைன்ஸுக்குக் கிளம்பும்போது என் வயிற்றைத் தொட்டு, அப்பா போய்ட்டு வரேன் என்பார். அவர் விடைபெற்றது என் மாமனாரிடம். ஆனாலும் அடி இல்லாத இரண்டு மாதம். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு மாமியாரோடு கடலூர் போனேன். டாக்டரம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை, பிறந்தாலும் சில மணி நேரம்கூடத் தாங்காது என்றார். கலைப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு, முடிவு உன்னுடையது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"எங்கப்பாவ கொல்லப் பாக்கறியா?" என்று என் முடியைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினார். கன்னம், தோள், தொடை என்று அடி விழுந்தது. வயிற்றில் மட்டும் கை படாமல் பார்த்துப் பார்த்து அடித்தார். அந்தக் கவனத்தைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா ஐஸ் கட்டி கொண்டுவந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஒரு மணி நேரம் வாழ்ந்தாலும் உயிர் உயிர்தான், கொடுத்தவருக்குத்தான் எடுக்கும் உரிமை என்று சொல்லிக்கொண்டே கிழிந்த உதட்டில் ஒத்தினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உள்ளே அது அசையும்போதெல்லாம் நானும் அதையேதான் நினைத்தேன். பிறந்து மூச்சுக்குத் தவித்துச் சாக விடுவது பாவமா, பிறக்காமல் அனுப்புவது பாவமா? இதை என்னிடம் கேட்க அந்த வீட்டில் ஆளில்லை. அது யாராகத் திரும்பி வருகிறது என்பதுதான் பேச்சு.

மூன்றாம் நாள் காலை, கடலூர் போகிறேன் என்று சொன்னேன். வீட்டுக்காரர் பெல்ட்டைக் கழற்றினார். அடுப்படியிலிருந்து மாமியார் அரிசி மாவு டப்பாவோடு வந்து, அதை அப்படியே தரையில் கவிழ்த்தார். கையால் பரப்பினார். முஷ்டியை மடக்கிப் பக்கவாட்டில் ஒரு அழுத்து. மேலே விரல் நுனியால் ஐந்து பொட்டு. கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து சாமி படம் வரைக்கும் வைக்கிற அதே பாதம்.

"அன்னிக்கு சாம்பல்ல நான் வச்சதுடா. இவள நீ அடிச்சிகினே இருந்த. வயித்துல உங்கப்பன் இருக்கான்னா கைய ஓங்க மாட்டன்னு நெனச்சேன்."

அவர் பெல்ட்டைப் பெற்ற தாய்மேல் வீசினார். பக்கிள் பட்டு நெற்றி பிளந்தது. ரத்தம் மாவில் சொட்டியது. மாமியார் பழக்கத்தில் சுவரோரம் ஒதுங்கப் போனவர், பாதியில் நின்று திரும்பினார்.

"உங்கப்பன் எங்கியும் போயி பொறக்கல," என்றார். "இதோ நிக்கிறான்."

அடுத்த வீச்சுக்கு அவர் கை எழவில்லை. நாங்கள் இருவரும் கட்டிய புடவையோடு வெளியே வந்து கடலூர் பஸ் ஏறினோம். மாமியார் நெற்றியில் ஒரு துப்பட்டாவைச் சுற்றியிருந்தேன், பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து கொடுத்த துப்பட்டா அது. கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார். குள்ளஞ்சாவடி தாண்டும்போது உள்ளே ஒரு உதை. மாமியார் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார்.

"யார் வயித்துலயாவது முழுசாப் பொறந்துக்க," என்று அதனிடம் சொன்னார். "எங்க வூட்டுக்கு மட்டும் வராத."

ஆஸ்பத்திரியில் என் கையெழுத்து மட்டும் போதும் என்றார்கள். போட்டேன். அந்த வீட்டுக்கு நாங்கள் இருவரும் திரும்பவில்லை. நான் செய்தது பாவமென்றால் அது என் பாவம். மறுபிறவி ஒன்று இருந்தால் அங்கே வந்து அனுபவித்துக்கொள்கிறேன்.