எட்டு வால்வும் அண்ணியின் கூடையும்

இன்று காலை எங்கள் கார் எஞ்சினின் எட்டு வால்வுகளையும் கழற்றிக் கரி சுரண்டி, சாக்கின்மேல் வரிசையாகப் பரப்பிவிட்டுக் கை கழுவப் போனேன். ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும்.

வந்து பார்த்தால் சாக்கு காலி.

"வூட்டு வாசல்ல எறைஞ்சு கெடந்துச்சுங்க தம்பி. எல்லாத்தையும் கூடையில அள்ளி வெச்சுட்டேன்" என்றார் அண்ணி.

அண்ணனுக்கு முகமே செத்துவிட்டது. சாயங்காலம் அண்ணியின் அம்மாவைத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இந்த யுத்தகாலப் பெட்ரோல் ரேஷனில் வேறு யார் கார் தருவார்கள்?

நான் கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எந்த வால்வு எப்படித் தேய்ந்திருக்கிறது என்பது என் விரல்களுக்குத் தெரியும். எட்டையும் இனம் பிரித்து மாட்டி, காரின் முன்பக்கக் கைப்பிடியைச் சுற்றினேன். முதல் சுற்றிலேயே எஞ்சின் கிளம்பியது.

அண்ணி சிரிக்கவில்லை.

"இரும்புத் துண்டெல்லாம் அடையாளம் தெரியுது. போன வாரம் பாப்பாரப்பட்டி சந்தையில எதுக்கால வந்த என்னைய மட்டும் தெரியலீங்களா?"

எனக்கு முகங்கள் மனதில் நிற்பதில்லை. உடுத்தியிருப்பதையும் பேச்சையும் வைத்துத்தான் ஆளைத் தெரியும்.

"வால்வு தெனம் ஒரு சேலை மாத்தறதில்லீங்களே அண்ணி" என்றேன்.

உண்மைதானே? பிறகு ஏன் மத்தியானம் எனக்கு மட்டும் குழம்பில்லாத வெறுங்களி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.