பின்பாட்டுக்காரன் பார்த்த சென்னை மார்கழி

வெள்ளிக்கிழமை, மார்கழி பதினொன்று. காலை ஐந்தரை மணிக்குக் கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் ஏறினோம், நானும் என் மனைவி சரசுவும். அவளுக்கு டிக்கெட் இல்லை, எனக்குப் பதினைந்து ரூபாய். மடியில் துணிப்பை, காலடியில் பத்துக் கிலோ மரவள்ளிக்கிழங்கு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய பனி ஜன்னல் கண்ணாடியில் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் கழுத்தில் மப்ளர் சுற்றி, அதன் மேல் சால்வை போர்த்தி, அதன் மேல் இன்னொரு துண்டும் போட்டிருந்தேன்.

மார்கழியில் சென்னையைப் பார்க்க வேண்டும், கடலைப் பார்க்க வேண்டும், கச்சேரி கேட்க வேண்டும் என்று சரசு பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு ஆர்டர் தை பிறந்துதான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய தம்பி குமார் சென்னையில் மந்தைவெளியில் இருக்கிறான், ஆட்டோ ஓட்டுகிறான். அதனால் கிளம்பினோம்.

அவளிடம் சொன்ன காரணம் அது. எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது.

எங்கள் ஊரில் மார்கழி மாதம் முழுக்க விடியற்காலையில் தெருத்தெருவாகப் பஜனை போகும். முன்னால் நடப்பவர் ஒரு வரி பாடுவார். பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அதே வரியைத் திருப்பிப் பாட வேண்டும். முன்னால் பாடுவது முன்பாட்டு, திருப்பிப் பாடுவது பின்பாட்டு. தனபால் அண்ணன் முன்பாட்டு. நான் முப்பது வருஷமாகப் பின்பாட்டு, கையில் ஜால்ரா. இந்த வருஷம் தனபால் அண்ணன் ஓசூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார், மருமகளுக்குப் பிரசவம். அவர் போனதிலிருந்து செல்போனில் பாட்டுப் போட்டு, ஸ்பீக்கரை சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை வைகுண்ட ஏகாதசி. அன்றைக்கு மட்டுமாவது ஆள் பாட வேண்டும், வரிகள் எல்லாம் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் ஏழு மணிக்குச் சென்னை பஸ். விழுப்புரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது போன் வந்தது. டோலக்கு அடிக்கிற ஏழுமலை.

"யோவ் முனுசாமி, எங்கய்யா போய்க்கினு இருக்க?"

"விழுப்புரம்."

"ஊர வுட்டே ஓடிட்டியா? சர்தான். திங்கக்கிழமைக்குள்ள ஒரு வார்த்த சொல்லு. இல்லன்னா அந்த சைக்கிளத்தான் தள்ளிக்கினு போவணும். நேத்து பாட்டு நடுவுல விளம்பரம் வருதுய்யா. பெருமாள் கோயில் வாசல்ல நின்னுக்கினு மூட்டுவலித் தைலம் விக்கிறான்."

சிரிப்பு வந்தது. சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பன்னிரண்டரை மணிக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கினோம். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் கிண்டி. குமார் ஆட்டோவுடன் நின்றிருந்தான். என் மப்ளரையும் சால்வையையும் துண்டையும் பார்த்தான்.

"இன்னா மாமா, இமயமலைக்கா போற?"

"மார்கழி மாசம் ஆச்சேடா."

"இங்க அதெல்லாம் கெடையாது மாமா. விடிகாலைல மட்டும் கொஞ்சம் சிலுசிலுன்னு இருக்கும். நாங்க அதுக்கே குல்லா போட்டுக்குவோம்."

மந்தைவெளி போய்ச் சேருவதற்குள் மூன்றையும் கழற்றி மடியில் வைத்திருந்தேன். சட்டை நனைந்துவிட்டது.

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மெரினா. சாலையிலிருந்து தண்ணீருக்குப் போக மணலில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊர் கோமுகி அணை நிரம்பினால் அதையே கடல் என்போம். கடலைப் பார்த்த பிறகு இனி அப்படிச் சொல்ல மாட்டேன். சரசு முழங்கால் வரை புடவையைத் தூக்கிக்கொண்டு அலைக்கு முன்னால் நின்றாள். அலை வந்தால் சத்தம் போட்டாள், போனால் சிரித்தாள். ஒரு மணி நேரம் இதையே செய்தாள். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் முப்பது ரூபாய். காரம் போதாது.

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மயிலாப்பூர் மாடவீதி. குமார் சொன்னபடியே மங்கிக் குல்லா போட்டிருந்தான். நான் வெறும் சட்டையோடு இருந்தேன், அவன் என்னைப் பயந்து பார்த்தான். வீட்டு வாசல்களில் கோலம் பெரிது பெரிதாக இருந்தது. ஒரு கோலத்தை முழுதாகப் பார்க்க சரசு சுற்றி வந்து மூன்று பக்கம் நின்றாள். அங்கேயும் பஜனை போனது. பட்டு வேட்டியில் ஆறு பேர் பாடினார்கள், சுற்றிலும் அறுபது பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். கூடவே நடந்து போகலாமா என்று நினைத்தேன். குறுக்கே போனால் படம் கெட்டுவிடும் என்று ஒருவர் கையை நீட்டியதும் ஒதுங்கிக்கொண்டேன்.

ஒன்பதரை மணிக்குக் கச்சேரி. காலைக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை, யாரும் போகலாம் என்று குமாரின் சவாரிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். உள்ளே போனதும்தான் சென்னையில் குளிர்காலம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். எல்லாக் குளிரையும் அந்த அரங்குக்குள் பிடித்து வைத்திருந்தார்கள். சரசு பைக்குள் கை விட்டு மப்ளர், சால்வை, துண்டு மூன்றையும் எடுத்துக் கொடுத்தாள். குமார் மறுபடியும் குல்லா போட்டுக்கொண்டான். பக்கத்தில் ஒரு வயதான அம்மா மடியில் சின்ன நோட்டுப் புத்தகம் வைத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்.

பாடியது இருபத்தைந்து வயதுப் பெண். தொடங்குவதற்கு முன் பிளாஸ்கைத் திறந்து தண்ணீர் குடித்தார். மூடியைத் திரும்பப் போடும்போது கை நடுங்கி, மூடி மரை பிடிக்காமல் இரண்டு தடவை நழுவியது. எனக்கு அந்தப் பெண்மேல் இரக்கமாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்த பிறகு அவ்வளவு சுத்தமான குரல். முதல் ஒன்றரை மணி நேரம் பாட்டு தெலுங்கு என்று அந்த அம்மா சொன்னார். எனக்கு அர்த்தம் தெரியவில்லை, கேட்க நன்றாக இருந்தது, கொஞ்சம் தூக்கமும் வந்தது. ஏகாதசிக்கு மூன்று நாள் என்ற நினைப்பு மட்டும் நடுவே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

கடைசியாக அந்தப் பெண் தமிழில் ஒரு கோவிந்த நாமம் எடுத்தார். தூக்கம் போய்விட்டது. மெட்டு வேறுதான். ஆனால் வரி வந்து நிற்கிற இடம் எங்கள் தெருவில் நிற்கிற அதே இடம். முதல் வரி பாடி நிறுத்தினார். மிருதங்கம் இரண்டு தட்டுத் தட்டியது. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. அந்த வரியை அப்படியே திருப்பிப் பாடிவிட்டேன்.

தெருவில் பாடுகிற சத்தம் அது. மூடிய கதவுக்கு உள்ளே தூங்குகிறவர்களை எழுப்புகிற சத்தம்.

முழு அரங்கும் திரும்பிப் பார்த்தது. பக்கத்து அம்மாவின் பேனா கீழே விழுந்தது. குமார் நாற்காலியிலேயே சறுக்கிக் குல்லாவைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டான். எனக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. பேனாவைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மேடையில் அந்தப் பெண் பாட்டை நிறுத்தவில்லை. சிரித்தார். அதே வரியை மறுபடி பாடி, என் பக்கம் கையை நீட்டி நிறுத்தினார். மிருதங்கம் மறுபடி இரண்டு தட்டு. நான் நிமிரவில்லை. அப்போது எனக்கு இடது பக்கத்திலிருந்து சரசு பாடினாள். வயலில் அடுத்த வரப்பில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரல் அவளுக்கு. மிருதங்கத்தை அரைத் தட்டு முந்திக்கொண்டு பாடினாள். மூன்றாவது தடவை முன்வரிசைப் பெரியவர் ஒருவர் சேர்ந்தார். பேனா கிடைத்த அந்த அம்மாவும் சேர்ந்தார். அதன் பிறகு நான் நிமிர்ந்து, எல்லோர் குரலுக்கும் நடுவில் தைரியமாகப் பாடினேன். கூட்டத்தோடு என்றால் எனக்கு எந்தப் பயமும் இல்லை.

வெளியே வந்ததும் குமார் ஆரம்பித்துவிட்டான். "மாமா, அடுத்த வருஷம் உன் பேர போர்டுல போட்டுருவாங்க. டிக்கெட்டு நான்தான் விப்பேன்."

"சும்மா இருடா," என்றாள் சரசு. "ஏங்க, இந்தக் காபிய பாத்தீங்களா? நாப்பது ரூபா. நம்ம சொசைட்டில ஒரு லிட்டரு பாலுக்கே இவ்ளோ குடுக்க மாட்டாங்க."

கேன்டீன் வரிசையில் நின்றிருந்தோம். எங்களுக்குப் பின்னால் அந்தப் பாடகியும் வந்து நின்றார். நான் வரிசையை விட்டுப் போகப் பார்த்தேன். சரசு சால்வையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே பாடினது? எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"கள்ளக்குறிச்சி பக்கம். மன்னிச்சுக்கணும்மா. ஊரு பழக்கம், தெரியாம..."

"உங்க ஊர்ல எல்லாருமே திருப்பிப் பாடுவாங்களா?"

"ஆமாங்க. பாடலன்னா முன்னாடி பாடறவரு திரும்பி முறைப்பாரு."

அவர் சிரித்தார். "குடுத்து வெச்ச ஊருங்க. இங்க ரெண்டு மணி நேரம் பாடினாலும் கடைசில கைதட்டும்போதுதான் எதிர்ல ஆளு இருக்காங்கன்னே தெரியும்."

வீட்டில் மரவள்ளிக்கிழங்கு இருக்கிறது, கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டுவிட்டேன். குமார் இதை இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஞாயிறு மாலை தீவுத்திடல் பொருட்காட்சி. அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள், பாதிக் கடைகளில் இன்னும் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டை விடப் பெரிய அப்பளம் வாங்கித் தின்றோம். ராட்டினத்தில் ஏற ஆளுக்கு நூறு ரூபாய். குமார் தலை சுற்றும் என்று கீழே நின்றுவிட்டான். நாங்கள் ஏறினோம். மேலே போனதும், ஆள் ஏற்றுவதற்காக நிறுத்திவிட்டார்கள். ஒரு பக்கம் ஊர் முழுக்க விளக்கு, மறுபக்கம் கடல் இருட்டு. காற்று நன்றாக வந்தது. சரசு கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்.

"ஏழுமலை எனக்கும் போன் பண்ணாரு. முன்னாடி நிக்கிறதுல அப்பிடி இன்னாங்க பயம்? நேத்து அவ்ளோ பேரு நடுவுல தொண்டைய தொறந்தீங்களே."

"அது பின்பாட்டு. முன்பாட்டு வேற. நான் ஒரு வரி பாடி நிறுத்தறேன்னு வெச்சுக்க. யாரும் திருப்பிப் பாடலன்னா? அந்தச் சும்மா இருக்கிற நேரத்துல நான் எங்க போய் நிப்பேன்?"

முப்பது வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. கீழே இறங்க வழியில்லாத இடம் என்பதால் வாயில் வந்துவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "தனபால் அண்ணன் மட்டும்? தெனம் அவரும் அப்பிடித்தான வாயத் தொறந்தாரு? நீங்க திருப்பிப் பாடுவீங்கன்னு அவருக்கு யாராவது எழுதியா குடுத்தாங்க?"

ராட்டினம் குலுங்கி இறங்க ஆரம்பித்தது. அவள் மெரினாவில் போட்ட அதே சத்தத்தைப் போட்டாள். நான் அவள் கேட்டதையே நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினோம். குமார் சரசுவுக்கு ஒரு பை நிறையக் கலர் கோலப்பொடி வாங்கிக் கொடுத்திருந்தான். சென்னையை நான் குறை சொல்ல மாட்டேன். கடல் பெரிது, கோலம் பெரிது, அப்பளமும் பெரிது. எல்லாவற்றையும் பார்க்க மனிதர்கள் கூடுகிறார்கள். மூன்று நாளில் யாரும் எங்களிடம் கடுமையாகப் பேசவில்லை. ஆனால் அந்தப் பெண் இரண்டு மணி நேரம் ஒரு பதிலும் இல்லாமல் பாடுவது மனதில் நின்றுவிட்டது. அந்தக் கை நடுக்கத்தோடு பாடினார். எனக்காவது தெரிந்த தெரு, தெரிந்த முகங்கள்.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் ஏழுமலைக்கு நானே போன் செய்தேன். பாடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஏழுமல, நாளைக்கு அந்த சைக்கிளு வேணாம்."

"அப்ப தைலம்?" என்றான்.

"போய்யா," என்று வைத்துவிட்டேன்.

செவ்வாய், காலை நாலரை. பெருமாள் கோயில் வாசல். மலை தெரியாத அளவுக்குப் பனி. மப்ளர், சால்வை, துண்டு மூன்றும் அவற்றுக்கு உரிய ஊருக்கு வந்துவிட்டன. பின்னால் பதினைந்து இருபது பேர் இருப்பார்கள், நான் திரும்பி எண்ணவில்லை. ஏழுமலை டோலக்கில் கை வைத்தான். நான் முதல் வரியைப் பாடினேன். நடுவில் குரல் ஒரு இடத்தில் கீறியது. இருந்தாலும் வரியை முடித்து நிறுத்தினேன்.

டோலக்கு இரண்டு தட்டுத் தட்டியது. தெரு சும்மா இருந்தது. அந்த இரண்டு தட்டும் முடிவதற்குள் எனக்கு அரங்கு, பேனா, நடுங்கிய பிளாஸ்க் மூடி எல்லாம் வந்து போயின.

தெருக்கோடியில், எங்கள் வீட்டு வாசலில் கோலத்தின் மேல் அவள் குனிந்திருந்த இடத்திலிருந்து, அரைத் தட்டு முந்திக்கொண்டு ஒரு குரல் வந்தது. அதன் பின்னால் என் முதுகுக்குப் பின் இருந்த எல்லோருடைய குரலும் சேர்ந்து வந்தது.

நான் இரண்டாவது வரியை எடுத்தேன்.