சனியின் மேகத்துக்கு என்ன ஆதாரம்

சிரித்தார்கள். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எம்.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டில் சனிக்கோளின் மேகங்களைப் பற்றி ஆய்வேடு எழுதினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். தலைப்பைக் கேட்டதும் வகுப்புத் தோழி, "திருநள்ளாறு பஸ்ல ஏறுனா வேலை முடிஞ்சுதுடி, உனக்கெதுக்கு டெலஸ்கோப்பு?" என்றாள். அதற்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன். நான் சொல்வது வேறு சிரிப்பு.

சனியின் மேல்மட்ட மேகம் உறைந்த அமோனியா. அதற்குக் கீழே இன்னொரு மேகம் இருக்கிறது. அமோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் குளிரில் சேர்ந்து அங்கே திடத் துகள்களாகின்றன. இரண்டுமே நிறமில்லாத வாயுக்கள். கண்ணுக்குத் தெரியாத இரண்டு சேர்ந்து தெரிகிற ஒன்றாவதைப் புரியவைக்க, நான் பார்த்து வளர்ந்த ஒன்றை முப்பத்தோராம் பக்கத்தில் எழுதினேன்.

அப்பா மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் போடும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். குளிரூட்டுவது அமோனியா. குழாயில் எங்கே கசிகிறது என்று தேட, கந்தகக் குச்சியைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்பிலும் காட்டுவார். கசியும் இடத்தில் வெள்ளைப் புகை எழும். அந்தப் புகையும் சனியின் மேகமும் ஒரே சேர்மம் அல்ல. அதையும் எழுதியிருந்தேன். ஆனால் இரண்டிலும் அமோனியா கந்தகச் சேர்மம் ஒன்றைச் சந்திக்கிறது. எனக்கு வேதியியல் பிடித்ததே அந்தப் புகையைப் பார்த்துத்தான்.

ஆய்வேட்டைக் கையெழுத்துக்கு நீட்டியபோது, அதை மேற்பார்க்கும் என் கைடு நேராகப் பின்பக்கத்து ஆதாரப் பட்டியலுக்குப் போனார். பதினான்காம் எண்ணில் நின்றார்.

"இது யாரும்மா, 'அப்பா'?"

அப்போதுதான் கவனித்தேன். நேரில் கேட்ட தகவல் என்று போட்டு, ஆளின் பெயர் வர வேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்தில் 'அப்பா' என்றே அடித்திருந்தேன். அவர் பெயரை வீட்டில் நாங்கள் சொல்வதில்லை. விரலும் சொல்லவில்லை.

"எங்க அப்பா மேடம். ஐஸ் கம்பெனியில இருக்காங்க."

"என்ன படிச்சிருக்காங்க?"

"படிக்கலை மேடம்."

கைடு சிரித்தார். அறையில் இருந்த ஆராய்ச்சி மாணவர்கள் இருவரும் சிரித்தார்கள். ஒருவன், "அடுத்து அம்மான்னு ஒரு ரெஃபரன்ஸ் வருமா?" என்றான்.

"இது தீசிஸ்மா, குடும்ப அட்டை இல்ல. அந்தப் பக்கத்தை எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்றார் கைடு.

கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டைத் தாக்கல் செய்ய முடியாது. இரண்டு நாள்தான் இருந்தது.

எங்கள் ஊர் போலகத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரை வேகமாக நடந்தேன். நடந்ததைச் சொன்னால் அப்பா என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன்.

"எடுத்துடு பாப்பா. கம்பெனியில கேஸ் லீக்குன்னு உம் பொண்ணு எழுதுச்சாமேன்னு மொதலாளி கேட்டா நான் என்ன சொல்றது?"

"லீக் ஆகாத ஐஸ் கம்பெனி எங்கப்பா இருக்கு?"

"இருக்கோ இல்லையோ, எழுதக் கூடாது."

"நீங்களும் மேடமும் ஒரே கட்சி!"

கத்திவிட்டேன். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது என்பதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. கம்பெனி, ஊர், கசிவு எங்கே நடந்தது என்பதையெல்லாம் அழித்தேன். குச்சியையும் புகையையும் விட்டுவைத்தேன். பிறகு, "உங்க பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதணும்?" என்று கேட்டேன். ஆதார் அட்டையையும் வாக்காளர் அட்டையையும் எடுத்துவந்து நீட்டினார். இரண்டிலும் வெவ்வேறு ஸ்பெல்லிங்.

"இதுல எதுப்பா சரி?"

"ரெண்டும் நான்தான். உனக்கு எது படிக்கச் சுலபமோ அதைப் போட்டுக்க."

இன்ஷியலோடு முழுப் பெயரையும் அடித்தேன். இருபத்திரண்டு வயதில் முதல் முறையாக அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். வாய் கூசியது.

மறுநாள் கைடு, முதல் நாள் புரட்டிப் பார்க்காத முப்பத்தோராம் பக்கத்தை நிதானமாகப் படித்தார். "நல்ல உதாரணம். எளிமையா இருக்கு" என்றார். அப்பாவை எடுத்துவிட்டு வேறு யாரையோ போட்டிருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்; பட்டியலைத் திருப்பி, பதினான்கில் விரலை வைத்து, "இவர் எந்த யுனிவர்சிட்டி?" என்று கேட்டார்.

"காரைக்கால் பக்கம்தான் மேடம்" என்றேன். எனக்குக் கையெழுத்து வேண்டியிருந்தது. அவர் தலையாட்டிக்கொண்டே போட்டார்.

ஆய்வேட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வாசல் வரை போனேன். அப்பாவை மறைத்து வாங்கிய கையெழுத்தோடு வெளியே போகக் கால் வரவில்லை. திரும்பினேன்.

"அவர் எந்த யுனிவர்சிட்டியும் இல்ல மேடம். எங்க அப்பாதான்."

அவர் முகம் சிவந்தது. "இதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் மேடம். நீங்க சிரிச்சீங்க."