சேலை வேலி

பழைய சேலைக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் எங்கள் தெருவுக்கு வந்தால் வெறுங்கையோடுதான் போவான். அவன் வருவதற்குள் நான் எல்லா வீட்டிலும் கேட்டு வாங்கிவிடுவேன். தூத்துக்குடியில் என் வீட்டுக்காரர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வாங்கிய சேலைகளைக் கடைச் சாக்கில் திணித்து, விளாத்திகுளம் பஸ்ஸில் ஏற்றி அக்காவுக்கு அனுப்புவேன். அவளை அந்தப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தது. அங்கே மக்காச்சோளம் போட்டால் காட்டுப்பன்றி விடாது. அதனால் கம்பு ஊன்றி, புஞ்சையைச் சுற்றிலும் பழைய சேலைகளைக் கட்டிவிடுவார்கள். துணி அசைந்தால் ஆள் நிற்பதாகப் பன்றி நினைத்துக்கொள்ளுமாம்.

பன்றியைச் சொல்வானேன், காற்று உள்ளே புகுந்தால் அந்தச் சேலைகளுக்கு இடுப்பும் தோளும் வந்துவிடும். எதிர்வீட்டு டீச்சரம்மாவின் பச்சைச் சேலை, மாடிவீட்டுக்காரியின் வளைகாப்புச் சேலை, என்னுடைய ஊதாப்பூச் சேலை எல்லாம் கரிசல் காட்டில் வரிசையாக நிற்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

“உங்க தெருப் பொம்பளையள எல்லாம் இங்கன காவலுக்கு நிப்பாட்டிட்டேன், பாத்தியா” என்றாள் அக்கா. அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புதான். பஸ் கண்டக்டரிடமும் சிரித்துப் பேசுவாள், வரப்புச் சண்டைக்கு வந்த பங்காளியிடமும் சிரித்துப் பேசுவாள்.

அந்த வேலிக்குள்தான் அவளைக் கொன்றார்கள். கதிர் முற்றியிருந்த சமயம். சாயங்காலம் புஞ்சைக்குப் போனவள் திரும்பவில்லை. மறுநாள் காலையில் நடுப்புஞ்சையில் கிடந்தாள். கழுத்தை நெரித்திருந்தது. தாலிச் செயின் அந்தக் கழுத்திலேயே இருந்தது. அத்தான் உரம் வாங்க விளாத்திகுளம் போயிருந்ததாகவும், பைக் பஞ்சராகி வர நேரமாகிவிட்டதாகவும் சொன்னார். போலீஸ் அவரைக் கூட்டிப்போய் விசாரித்து விட்டுவிட்டது. ஊரில் பாதி ஆம்பளைகளை விசாரித்தது. மோப்ப நாய் வேலியைச் சுற்றிச் சுற்றி மோந்துவிட்டுக் குழம்பிப்போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் தெருவே அந்த வேலியில் இருந்தது, அது யாரை என்று பிடிக்கும்? இன்றுவரை ஆள் அகப்படவில்லை.

ஆனால் எனக்கு ஆள் யாரென்று தெரியும். அப்படித்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்த வேலிக்கு வாசல் என்பதும் ஒரு சேலைதான். ஒரு முனையை அவிழ்த்துவிட்டு உள்ளே போவார்கள், வேலை முடிந்து வெளியே வந்ததும் மறுபடி கட்டுவார்கள். கட்ட மறந்தால் பன்றி ஒரே ராத்திரியில் புஞ்சையை உழுது போட்டுவிடும். அதனால் வாசல் கட்டியிருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். அக்காவைத் தேடிப் போனவர்களும், வாசல் வெளியிலிருந்து கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் போனார்கள்.

கொன்றுவிட்டு ஓடுகிறவன் நின்று வாசலைக் கட்டுவானா? பயிர் தன்னுடையது என்கிறவனுக்குத்தான் அந்த நேரத்திலும் பன்றி ஞாபகம் வரும். முடிச்சைப் போட்ட கைதான் கொன்ற கை. இதைப் போலீஸிடம் சொன்னேன், சொந்தக்காரர்களிடம் சொன்னேன். என் வீட்டு அடுப்படியில் சொல்லிச் சொல்லி வீட்டுக்காரருக்கே காது புளித்துவிட்டது.

அக்கா மகள் அப்போது சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். துக்க வீட்டிலிருந்தே அவளை என்னோடு கூட்டி வந்துவிட்டேன். அத்தான் தடுக்கவில்லை. அதையும் அவர் கணக்கில் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டேன்.

பிள்ளை நன்றாகப் படித்தாள். இப்போது துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். ஒரே ஒரு கோணல் குணம்தான் அவளுக்கு. எந்தக் கதவையும் வெளியிலிருந்து சாத்தமாட்டாள். எல்லாரும் வாசலில் செருப்பு மாட்டி நிற்கும்போது, வீட்டுக்குள் ஓடி ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு வருவாள். வந்த பிறகும் பூட்டையும் சாவியையும் என்னிடம்தான் நீட்டுவாள். “ஏளா, உள்ள என்ன யானையா கட்டியிருக்கு” என்று ஏசுவேன்.

இந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் கூடியது. அத்தான் வரலாம், சாப்பிடலாம், ஆனால் மணவறையில் நின்று தாரை வார்த்துக் கொடுக்கக் கூடாது, அதை என் வீட்டுக்காரர் செய்வார் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கோ அப்பாதான் செய்யவேண்டும். சில நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். ஒரு மத்தியானம் முகூர்த்தச் சேலைக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தவள், சேலையை அப்படியே என் மடியில் வைத்தாள்.

“அத நாந்தான் சித்தி கட்டுனேன்.”

“எத?”

“அந்த வாசல.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். அன்று பள்ளிக்கூடம் விட்டதும் புஞ்சைக்குப் போயிருக்கிறாள். அம்மா உள்ளே நின்றுகொண்டு, தான் சேலைக்கு அடியில் குனிந்து வந்துவிடுவதாகவும், வாசலை நன்றாகக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்படியும் சொல்லியிருக்கிறாள். பிள்ளை இரட்டை முடிச்சாகப் போட்டாளாம். பிறகு பக்கத்து வீட்டில் டிவி பார்த்தபடியே தூங்கிப்போனாள். தேடினவர்கள் அவளை எழுப்பிக் கேட்கவில்லை.

“நான் கட்டாட்டி அம்மா ஓடி வந்திருப்பா. தேடுனவங்களும் உள்ள பாத்திருப்பாங்க” என்றாள். “முடிச்சப் போட்ட கைன்னு நீங்க சொல்லும்போதெல்லாம், ரெண்டு கையையும் பாவாடைக்குள்ள ஒளிச்சுக்குவேன்.”

நான் சொல்லாத நாள் உண்டா? அந்த அடுப்படியில்தானே அவளுக்குச் சோறு போட்டேன். அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ என்ன செய்வாய், பச்சைப் பிள்ளை, அவள் சொன்னாள் நீ கட்டினாய் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுகைக்கு நடுவிலேயே, உள்ளே அம்மா தனியாகத்தான் இருந்தாளா என்றும் கேட்டேன்.

“பேசிட்டு இருந்தா. சிரிச்சிட்டு இருந்தா. போன்ல பேசுதாளாக்கும்னு நெனச்சேன்.”

“பெறகு?”

“வீட்டுக்கு வந்தா போன் சார்ஜ்ல கெடந்துச்சு.”

வேறு குரல் கேட்டதா என்றால், கேட்கவில்லை, சோளத்தட்டை மட்டும் அசைந்தது என்றாள். அப்பாவாக இருந்தால் அம்மா தன்னிடம் சொல்லியிருப்பாள் என்பது அவள் கட்சி. எனக்கு அதுவும் நிச்சயமில்லை. ஆனால் என்னிடம் இருந்தது அந்த ஒரு முடிச்சுதான், அது அவிழ்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே அத்தானுக்குப் போன் செய்து, நீங்களே தாரை வார்க்க வேண்டும் என்றேன். “வாரேன்” என்றார்.

கல்யாணத்தன்று அக்கா ஊர்க்காரர்கள் வேன் வைத்து வந்தார்கள். பன்னீர்ச் சொம்போடு மண்டப வாசலில் நின்றேன். ஏசி போட்டிருக்கிறது, கதவைச் சாத்துங்கள் என்று மண்டபத்து ஆள் வந்து சொன்னான். மணவறையிலிருந்து பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாத்தக் கூடாது என்று அவனை விரட்டினேன். மேடையில் அத்தான் தாரை வார்த்தார்.

இத்தனை காலம் எனக்கு ஒரு முகத்தைத்தான் வெறுக்க வேண்டியிருந்தது. அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. உரக்கடை அண்ணாச்சி வந்தார், பங்காளி வந்தார், பக்கத்து வீட்டுக்காரரும் பெஞ்சாதியும் வந்தார்கள், கோயில் பூசாரி வந்தார். எல்லாரும், உங்கள் அக்காவுக்கு இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்றார்கள். யாரைக் கண்டால் அக்கா அப்படிச் சிரிப்பாள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் எல்லாரையும் கண்டு சிரிக்கிறவள். “வாங்க, வாங்க” என்று பன்னீர் தெளித்தேன். அவர்களும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.