குதிரை பிடித்தவன்

"முதல் வெடி உனக்குத்தான், மச்சான்" என்று பழைய நண்பன் சிவா சொன்னதை நம்பித்தான், ரொறன்ரோவிலிருந்து அல்பேர்ட்டா மலைக்கு எல்க் மான் வேட்டைக்குப் போனேன். சாமான் சுமந்த குதிரைகளோடு, ஆளுக்கொரு குதிரையில் நாள் முழுக்க ஏறினோம். உச்சிக்குக் கிட்ட அவன் கிசுகிசுத்தான்: "குதிரையளை ஒருக்காப் பிடியடா. பார்த்திட்டு வாறன்."

பிடித்துக்கொண்டு நின்றேன். மரங்களுக்கு அப்பால் வெடி கேட்டது.

"உன்னைக் கூப்பிட எங்கையடா நேரம்?" என்றான் திரும்பி வந்து. இறங்கும்போது என் குதிரையில் இறைச்சி வந்தது. நான் நடந்து வந்தேன்.

பிறகு ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில், தன் வீட்டு விருந்தில் எல்லோருக்கும் சொன்னான்: "இவனுக்கு வேட்டைத் துவக்கைக் கண்டாலே கை நடுங்கும். அதுதான் குதிரை பிடிக்க விட்டனான்." என் மனைவிகூடச் சிரித்தாள்.

மறுத்திருக்கலாம். ஆனால் என் வாய் நிறைய அந்த மானின் இறைச்சி. அதுவும் நல்ல ருசி. அவனை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அன்று இன்னும் கொஞ்சம் கறி கேட்டு வாங்கிய என்னையும்.