லெக் சைடில் அடித்தால் அவுட்

ஜொகூர் மாநிலத்து உலு திராமில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் பெரிய டிவி ஒன்று உண்டு. பாதிச் சுவர் அதுதான். நம் நாட்டு அணி எங்கோ வெளிநாட்டில் மானத்தைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கும் முக்கியமான நேரத்தில், அந்த டிவியில் இரண்டு பேர் பூப்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். பேட்மிண்டனுக்கு இங்கே அதுதான் பெயர். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று கடையே வாயில் ரொட்டியோடு அண்ணாந்து பார்த்து, ஒரே குரலில் "ஓ" என்று பெருமூச்சு விடும். நான் மட்டும் கைபேசியைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாத துக்கத்தைத் தனியாக அனுபவித்துக்கொண்டிருப்பேன். கடைக்காரர் ராமநாதபுரம் கடற்கரையில் இருந்து வந்தவர். நமக்கு ஒரு சலுகை காட்ட மாட்டாரா என்று, பாய், கொஞ்சம் கிரிக்கெட் வைக்கிறீங்களா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். பிரியாணியில் கருவாடு போடச் சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். பக்கத்து மேசையில் இருந்த உள்ளூர்த் தமிழர் ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு என் கைபேசியை எட்டிப் பார்த்தார். நேற்றும் இதைத்தானே பார்த்தீர்கள், இன்னுமா முடியவில்லை என்றார். ஐந்து நாள் ஆட்டம் என்றேன். ஐந்து நாள் ஆடியும் யாரும் ஜெயிக்காவிட்டால் என்று கேட்டார். கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றேன். அவர் தன் தட்டில் இருந்த வடை ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியாது. அங்கே அணி தோற்றால் டீக்கடையில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு திட்டலாம். இங்கே தனியாகத் திட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, என் திட்டு வருடத்துக்கு வருடம் தரம் கூடிக்கொண்டே போகிறது. தலைமைப் பயிற்சியாளர் என்று ஒருவர். அவருக்குக் கீழே பேட்டிங்குக்கு ஒருவர், பௌலிங்குக்கு ஒருவர், ஃபீல்டிங்குக்கு ஒருவர், மனசைத் தேற்ற ஒருவர், மடிக்கணினி தூக்க ஒருவர். பெவிலியனில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் பெண் பார்க்க வந்த வீடு மாதிரி இருக்கும். இத்தனை பேர் கூடி ஆராய்ந்த பிறகும், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே சும்மா போகிற பந்தை நம் ஆள் வலியப் போய் விசாரித்து, ஸ்லிப்பில் கொடுத்துவிட்டு வருவான். மாலையில் பயிற்சியாளர் மைக் முன்னால் உட்கார்ந்து, இந்தத் தோல்வியில் நிறையக் கற்றுக்கொண்டோம் என்பார். இதுவரை கற்றுக்கொண்டதற்கெல்லாம் சேர்த்து அந்த அணிக்கு ஒரு பல்கலைக்கழகமே கட்டியிருக்கலாம். இவ்வளவு பேசுகிற நான் என்ன கிழித்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் கிழிக்கவில்லை. விருதுநகரில் எங்கள் தெரு ஆட்டத்தில் எனக்கு பேட்டிங்கும் வராது, பௌலிங்கும் வராது. கேட்ச் என்றால் பந்து என் நெஞ்சில் பட்டு அடுத்தவன் கையில் விழ வேண்டும். ஆனால் குரல் மட்டும் நன்றாக வந்ததால் என்னை நிரந்தர அம்பயராக வைத்திருந்தார்கள். ஆடத் தெரியாதவன் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

பாசிர் கூடாங்கில் ரசாயன ஆலை ஒன்றில் பம்புகளைப் பராமரிப்பது என் வேலை. அங்கே எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் குணா. இங்கேயே பிறந்தவர், கொள்ளுத்தாத்தா காலத்தில் தோட்டத்துக்கு வந்த குடும்பம். எங்களை எல்லாம் பொதுவாக ஊர்க்காரங்க என்பார். எந்த ஊர் என்று கேட்டதில்லை; அவரைப் பொறுத்தவரை கடலுக்கு அந்தப் பக்கம் மொத்தமும் ஒரே ஊர்தான். ஒருநாள் கேண்டீனில் நான் இந்திய அணியின் பேட்டிங் வரிசையை உப்பு ஜாடியும் சாஸ் பாட்டிலும் வைத்துத் திருத்தி அமைத்துக்கொண்டிருந்ததை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இவ்வளவு தெரிந்தவர் நம்ம டீமுக்கே கோச்சாக வரலாமே என்றார். ஆலையின் வருடாந்தர விளையாட்டு விழாவில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் உண்டு. கம்பெனி ஊழியர்கள் ஒரு பக்கம், ஒப்பந்தத் தொழிலாளர்கள் மறுபக்கம். ஊழியர்கள் என்றால் பெரும்பாலும் குணா மாதிரி உள்ளூர்த் தமிழர்கள், கூட இரண்டு மூன்று மலாய்ப் பையன்கள். ஒப்பந்த ஆட்கள் என்றால் முழுக்கத் தமிழ்நாடு. ஊழியர் அணி வருடா வருடம் தோற்கும். சாதாரணத் தோல்வி அல்ல. பந்தலில் பலகாரம் வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். நான் கம்பெனி ஊழியன். அடையாள அட்டைப்படி குணா பக்கம்தான் உட்கார வேண்டும். சரி என்றேன். வாழ்நாள் முழுக்க மற்ற பயிற்சியாளர்களைத் திட்டியவனுக்குக் கடைசியில் ஒரு அணி கிடைத்துவிட்டது.

நான் கொடுத்த பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரித்தால் எனக்குத்தான் அவமானம். முதல் நாள் வட்டமாக உட்கார வைத்து, பேட்டிங்கில் முக்கியம் இன்டென்ட் என்று அரை மணி நேரம் பேசினேன். டிவியில் கேட்டது அப்படியே வந்தது. பேசி முடித்ததும் குணா, "அண்ணே, அந்த இன்டென்ட்டு ஹார்ட்வேர் கடைல கெடைக்குமா, ஆர்டர் பண்ணணுமா?" என்றார். என் பையன்கள் எல்லாரும் கால்பந்து ஆடி வளர்ந்தவர்கள். உருண்டு வரும் பந்தைக் கையால் எடுக்கக் குனியவே மாட்டார்கள். காலால் நிறுத்தி, காலாலேயே கீப்பருக்கு உதைப்பார்கள். அதுவும் குறி தவறாமல் போகும். கிரிக்கெட்டில் அப்படிச் செய்யக்கூடாது என்று தடுத்தேன். முறைப்படி குனிந்து எடுத்தார்கள், பந்து முறைப்படி கால்களுக்கு நடுவே போயிற்று. அடுத்த வாரம் சத்தமில்லாமல் உதைக்க அனுமதித்துவிட்டேன். பக்கத்து ஆலை ஆட்களோடு வைத்த பயிற்சி ஆட்டத்தில் சுருண்டோம். மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது குணா என் முகத்தைப் பார்த்தார். நான், இன்றைக்கு நிறையக் கற்றுக்கொண்டோம் என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று உறைத்தது.

இந்த நிலையில்தான் விழாக் குழுவின் தலைவி புவான் ரொஹானா என்னைக் கூப்பிட்டனுப்பினார். புவான் என்றால் மலாயில் திருமதி. மனிதவளப் பிரிவில் பெரிய அதிகாரி, மரியாதையான அம்மாள். கிரிக்கெட்டை அடுத்த வருடம் முதல் எடுத்துவிட்டு ஃபுட்சால் வைக்கலாம் என்று குழு யோசிப்பதாகச் சொன்னார். ஐந்து பேர் ஆடும் கால்பந்து அது, கொஞ்ச நேரத்தில் முடிவது, எல்லாருக்கும் புரிவது. கிரிக்கெட்டைப் பார்க்க ஒரு ஆள் வருவதில்லை, தெரிந்த முடிவைப் பார்க்க யார் வருவார்கள் என்றார். நான் கிரிக்கெட்டின் பெருமைகளை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பதினொரு பேர் ஆடும்போது மறு அணியில் ஒன்பது பேர் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்கு அன்றைக்கு வேலை நாளாகக் கணக்கா, விடுமுறையாகக் கணக்கா என்று கேட்டார். கடைசியாக, இந்த வருடம் நாலு பேராவது நின்று பார்க்கிற மாதிரி இருந்தால் யோசிக்கிறேன் என்றார். இந்த நாட்டில் என் கண்ணெதிரே நடக்கும் ஒரே கிரிக்கெட் ஆட்டம் அது. அதுவும் போய்விட்டால் எனக்குத் தண்ணீர் ஜாடியும் கைபேசியும்தான் மிச்சம்.

ஆட்டம் பலகாரத்துக்கு முன்னால் முடியாமல் இருக்க வேண்டும் என்றால் ஒரே ஒரு ஆளை நிறுத்த வேண்டும். ஒப்பந்த அணியின் கதிரேசன். சாரம் கட்டும் வேலை. மூன்று மாடி உயரத்தில் இரும்புக் குழாய் மேல் நடப்பவன், பேட் பிடித்து நின்றால் நகர மாட்டான். ஆஃப் சைடில் அவன் அடிக்கும் அடிக்கு ஃபீல்டர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். இவன் எங்கள் தெரு. என் வீட்டில் இருந்து மூன்றாவது வீடு. இந்த வேலைக்கு அவன் பெயரைச் சொல்லி விட்டதே நான்தான்.

எங்கள் தெருவில் பேட்ஸ்மேனுக்கு லெக் சைடு முழுக்க ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு. முற்றத்தில் எந்நேரமும் வத்தல் காயும். பந்து உள்ளே போனால் அடித்தவன் அவுட், புதுப் பந்தும் அவன்தான் வாங்க வேண்டும். சுவர் ஏறிக் குதித்து எடுத்து வந்தாலும் அந்தப் பந்தைத் தொட்டவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு சாயங்காலம் வரை அழுவான். அதனால் எங்கள் தெருவில் பேட் பிடித்த அத்தனை பேருக்கும் லெக் சைடு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. காலில் வரும் பந்தைக் காலாலேயே வாங்கிக்கொள்வோம். கதிரேசன் இங்கு வந்த பிறகும் அப்படித்தான். அவன் ஆஃப் சைடில் வாங்கும் கைதட்டலில், இந்தக் குறையை யாரும் கவனிக்கவில்லை. கிட்டங்கி தெரிந்தவன் ஜொகூரில் நான் ஒருவன்தான். பயிற்சி என்று மடிக்கணினியில் படம் படமாகக் காட்டுகிறார்களே, எல்லாவற்றையும் பிழிந்தால் கடைசியில் இவ்வளவுதான்: எதிராளி சின்ன வயதில் எந்த வீட்டுக்காரனுக்குப் பயந்தான் என்று தெரிந்துகொள்வது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு ஃபுட்சாலை நினைத்துப் பார்த்தேன். லெக் சைடில் ஒரு ஆள்கூட வேண்டாம், பந்தைக் கால் மேலேயே போடச் சொல்லுங்கள் என்று குணாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். ஆய்வு முடிவு என்றேன்.

விழா அன்று எங்கள் பையன்கள் முதலில் ஆடி எழுபத்துச் சொச்சம் எடுத்தார்கள். பாதி, பேட்டின் ஓரத்தில் பட்டுப் போனது. கிரிக்கெட்டில் அதற்கும் ஓட்டம் உண்டு என்பது குணாவுக்கே அன்றுதான் தெரிந்தது. கதிரேசன் வந்தான். குணா ஆட்களை எல்லாம் ஆஃப் சைடுக்கு ஓட்டி, லெக் சைடை அறுவடை முடிந்த வயல் மாதிரி காலியாக்கினார். பந்து காலுக்கு வந்தது. கதிரேசன் காலைக் கொடுத்தான்; விழா ஆட்டத்தில் எல்.பி.டபிள்யூ கிடையாது. மறுபடி வந்தது, மறுபடி கொடுத்தான். ஓவருக்கு மேல் ஓவர் போயிற்று. மறுமுனையில் ஆட்கள் அவசரப்பட்டு அவுட் ஆனார்கள். கயிறு இழுக்கும் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் மெதுவாக எங்கள் பக்கம் திரும்பியது. தண்ணீர் இடைவேளையில் கதிரேசன் நேராக என்னிடம் வந்தான். குடிக்கவில்லை, வாய் கொப்பளித்துத் துப்பினான்.

"கிட்டங்கிய சொல்லிட்டீங்கள்ல?"

நான் தண்ணீர் டிரம்மின் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது ஒழுகவே இல்லை.

"நல்லா இருங்கண்ணே," என்று சொல்லிவிட்டுப் போய் நின்றான்.

வெற்றிக்கு இன்னும் கொஞ்சம் ஓட்டங்கள்தான் வேண்டும், கடைசி ஜோடி. அடுத்த பந்தும் காலுக்கு வந்தது. அவன் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு லெக் சைடில் தூக்கினான். பந்து உயரே போய் ஆள் இல்லாத இடத்தில் விழுந்து உருண்டது. அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பல்ல, என் தொண்டைதான் பொறுப்பு. சின்ன வயதில் இருந்து அந்தப் பக்கம் பந்து போனால் என்ன கத்தியதோ அதையே கத்தியது. மைதானம் முழுக்கக் கேட்கும்படி "அவுட்டு" என்று கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். கதிரேசன் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு வளர்ந்தவன். பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, பந்தலைப் பார்த்து நடந்தான். எதிரில் நின்றவன் ஓடிவந்து அவனைப் பிடித்து உலுக்குவதற்குள், குணா பந்தைத் துரத்திப் பிடித்து அழகாக ஒரு உதை உதைத்தார். கதிரேசன் விட்டுவந்த பக்கத்து ஸ்டம்ப் பறந்தது. அம்பயர் எங்கள் வாசல் காவலாளி, நேபாளத்துக்காரர். வாசலில் அவருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான்: வெளியே போனவர் போனவர்தான். விரலைத் தூக்கிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்த சண்டை ஆட்டத்தைவிட நீளம். வெளியில் இருந்து கத்தினால் செல்லாது என்று ஒப்பந்த ஆட்கள் உள்ளே வந்தார்கள். கத்துனது உங்க ஊர்க்காரர்தானே லா, எங்ககிட்ட ஏன் கேக்குறீங்க என்றார் குணா. சீனர்கள், மலாய்க்காரர்கள் எல்லாரும் பலகாரத் தட்டோடு வந்து வட்டம் கட்டி, ஒரு சொல் புரியாமல் ஆளுக்கொரு கட்சி சேர்ந்தார்கள். அலமாக், அலமாக் என்று மலாயில் அடடா போட்டு ஒருவர் பின்னால் இருந்து ரசித்துக்கொண்டிருந்தார். புவான் ரொஹானா என் பக்கத்தில் வந்து நின்று அந்தக் கூட்டத்தை வெகுநேரம் பார்த்தார். ஃபுட்சாலுக்கு இப்படிக் கூட்டம் சேராது என்றார். யார் ஜெயித்தது என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றேன். தலையாட்டினார். அடுத்த வருடமும் கிரிக்கெட் உண்டு என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்துவிட்டது. தீர்ப்பு மாறவில்லை. கோப்பை எங்களுக்கு.

ஒப்பந்த ஆட்களின் பஸ் கிளம்பும் இடத்துக்குப் போனேன். கதிரேசன் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"உண்மையச் சொல்லுங்க. அது அவுட்டா?"

"இங்க ஓடியிருந்தா நாலுடா. நம்ம தெருவுல அவுட்டு."

அவன் ஷூவைத் தட்டிக்கொண்டே இருந்தான். "அப்ப நான் எங்க நின்னு அடிச்சேன்?"

பந்தலில் இருந்து குணா கூப்பிட்டார். கோச் வராமல் படம் எடுக்க மாட்டோம், நடுவில் வந்து நில்லுங்கள் என்று ஆள் அனுப்பினார். போய் நின்றேன். கோப்பையை என் கையில் திணித்தார்கள். அந்தப் படம் இப்போது கேண்டீன் சுவரில் இருக்கிறது. எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நேராகப் பார்க்கிறார்கள். நான் மட்டும் கழுத்தைத் திருப்பி, படத்தில் விழாத ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோச்சுக்குக் கேமரா என்றால் வெட்கம் என்று குணா புது ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். நானும் ஆமாம் என்றுதான் சொல்கிறேன். எடுத்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது.